உள்நாட்டு பிசினஸ் கிளாஸ் விற்கும் விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேவைப் பிரிவில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் பெரிய பணக்காரன் இல்லை. பிசினஸ் கிளாஸ் சரியில்லை என்று யாராவது வாயைத் திறந்தாலே "ஆமா, ரொம்ப முக்கியம்" என்று நாலு பேர் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது, அன்றிலிருந்து சாதாரண இருக்கையில் ஒன்றரை மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் இறங்கும்போது அந்தக் கால் என்னுடையதாகவே இருப்பதில்லை. வேலையோ மாதத்துக்கு மூன்று நான்கு தடவை பறந்தே ஆக வேண்டிய வேலை. இயந்திரங்களை நிறுவி, ஓடவிட்டுப் பார்த்து, கோளாறு இருந்தால் சரிசெய்துவிட்டுத் திரும்ப வேண்டும். டிக்கெட் செலவில் பாதியை அலுவலகம் தருகிறது, மீதி என் கையிலிருந்து போகிறது. கையிலிருந்து போகும்போதுதானே மனிதன் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறான்.

அப்படி ஆரம்பித்ததுதான் ஒரு சின்ன நோட்டு. தேதி, விமான எண், என்ன ரக விமானம், இருக்கை சாய்ந்ததா, தண்ணீர் கேட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, பெட்டி பெல்ட்டில் எத்தனையாவதாக வந்தது, அவ்வளவுதான். உணவைப் பற்றியும் முதல் சில பயணங்களில் எழுதினேன், பிறகு விட்டுவிட்டேன். நான் அதிகம் போகும் தடத்தில் உங்களில் இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு பறக்கிறீர்கள். பெயர் வேண்டாம். காலையில் ஒரு கம்பெனியில் போய் ராத்திரி இன்னொரு கம்பெனியில் திரும்புவது என் வழக்கம், அதனால் காலைக் கம்பெனி, ராத்திரிக் கம்பெனி என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரே நாளில், ஒரே தூரத்தை, ஒரே முழங்காலோடு இரண்டிலும் கடப்பவனைவிட ஒப்பிடத் தகுதியான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டான்.

உங்கள் இரண்டு பேர் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அகலமான இருக்கை, பீங்கான் தட்டில் உணவு, லவுஞ்ச், முதலில் ஏறலாம், அதிக எடை கொண்டுபோகலாம். லோகோவைக் கையால் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று உங்கள் ஆட்களாலேயே சொல்ல முடியாது. எதில் போட்டி போடுகிறோம் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதில் நீங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டீர்கள். நாங்கள் உங்களை ஒப்பிடுவது வேறு இடத்தில். அந்த இடத்தைப் பற்றி உங்கள் விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம். பிசினஸ் கிளாஸ் என்று எழுதிவிட்டால் அதற்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆகிவிட்டது. ஐரோப்பாவுக்குள் பறக்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பிசினஸ் கிளாஸ் என்பது சாதாரண மூன்று இருக்கை வரிசைதான், நடு இருக்கையைக் காலியாக விட்டு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிடுவார்கள். அந்தத் திரையையும் அன்றைக்கு எவ்வளவு டிக்கெட் விற்றது என்பதைப் பொறுத்து முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்வார்கள். அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே வேலைக்கு உள்நாட்டில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றே பெயர், ஆனால் இருக்கை உண்மையாகவே வேறு, இரண்டு இரண்டாக இருக்கும். ஜப்பானில் இன்னும் வேடிக்கை. இரண்டு மணி நேரம்கூடப் பறக்காத தடத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் மூன்று வகுப்பு வைத்திருக்கிறது. 2019இல் உள்நாட்டுக்கு என்று கொண்டுவந்த ஏ350 விமானத்தில் 12 ஃபர்ஸ்ட், 94 கிளாஸ் ஜே, 263 சாதாரணம் என்று 369 இருக்கை. அந்த கிளாஸ் ஜே என்னும் நடுவகுப்பை நான் மனதார மதிக்கிறேன், ஏனென்றால் அது தன்னைப் பற்றி எந்தப் பெருமையும் அடித்துக்கொள்ளவில்லை: கொஞ்சம் கூடுதல் காசு கொடு, கொஞ்சம் அகலமாக உட்கார், அவ்வளவுதான் பேச்சு. என் முழங்காலுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தின் 737 விமானத்தில் பிசினஸ் என்றால் இரண்டு இரண்டாக 12 இருக்கை, சாய்மானம் கொஞ்சம் பின்னால் போகும். அதே குவாண்டாஸ் சிட்னியிலிருந்து பெர்த்துக்கு ஏ330 விட்டால் அதில் படுக்கையாகவே விரியும் இருக்கை. இரண்டுக்கும் டிக்கெட்டில் ஒரே வார்த்தை. ஐந்து மணி நேரப் பயணத்தில் உட்கார்ந்தே போவதற்கும் படுத்துக்கொண்டு போவதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்க வேண்டாம், என் முழங்காலைக் கேளுங்கள். எந்த விமானம் என்று பதிவு செய்யும்போதே காட்டுகிறீர்கள், உண்மைதான், ஆனால் அது ஒரு மூலையில் சின்ன எழுத்தில், மாறுதலுக்கு உட்பட்டது என்ற வாலோடு இருக்கிறது. அந்த வாலுக்குத் திரும்பி வருகிறேன்.

சரி, உங்கள் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம், நியாயமாகப் பேச வேண்டுமல்லவா. ஒற்றை நடைபாதை விமானத்தில் சாதாரண வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி 28 முதல் 31 அங்குலம். பிசினஸில் 37லிருந்து 40 வரை. வரிசைக்கு ஆறு பேருக்குப் பதில் நாலு பேர். ஆக, இரண்டு வரிசை பிசினஸ், அதாவது 8 பேர் உட்காரும் இடத்தில் கிட்டத்தட்ட 16 சாதாரண இருக்கை போட்டுவிடலாம். ஒரு பிசினஸ் டிக்கெட் இரண்டு சாதாரண டிக்கெட் காசைக் கொண்டுவந்தால்தான் உங்களுக்குச் சமம், அதற்கு மேல் வந்தால்தான் லாபம். அதிலும் பாதி இருக்கையை அடிக்கடி பறப்பவர்களுக்கு இலவச அப்கிரேடாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது, அமெரிக்காவில் அது ஒரு கலாசாரமாகவே இருந்தது. இப்போது கடைசி நிமிடத்தில் செயலியிலேயே "கொஞ்சம் காசு கட்டினால் முன்னால் வரலாம்" என்று விற்கிறீர்கள். தப்பில்லை, காலியாகப் பறப்பதைவிட விற்பது மேல். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பே முழு விலை கொடுத்து வாங்கிய எனக்குப் பக்கத்து இருக்கையில் அரை விலைக்கு அப்போதுதான் வாங்கியவர் உட்கார்ந்து, அதை என்னிடமே சந்தோஷமாகச் சொல்லவும் செய்தால், அடுத்த தடவை நானும் கடைசி நிமிடம் வரை காத்திருக்கக் கற்றுக்கொள்வேனா மாட்டேனா? கற்றுக்கொண்டேன்.

இன்னொரு கணக்கு நேரத்தைப் பற்றியது. ஒரு மணி நேரம் வானத்தில் இருக்கும் விமானத்தில் பெல்ட் விளக்கு அணைய ஒரு பத்து நிமிடம் ஆகும். இறங்குவதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்னால் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பது அரை மணி. அந்த அரை மணிக்குள் மேசை விரிப்பு, சூடான துவாலை, தட்டு, பானம், தட்டை எடுத்தல், "உணவு எப்படி இருந்தது" என்ற கேள்வி எல்லாம் நடந்தாக வேண்டும் என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். நடக்கிறது, ஓட்டமாக நடக்கிறது. காலைக் கம்பெனியில் ஒருநாள் நான் தட்டின் மூடியை எடுத்து முழுதாக நாலு வாய்கூடச் சாப்பிடவில்லை, விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது, பணிப்பெண் வந்து நின்றார். எடுக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை, பாவம், அவர் கண் கேட்டது. நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

உணவைப் பற்றி எழுதுவதை விட்டதன் காரணம் இது மட்டும் இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பது போல் இருக்கும், ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே. மூக்கு காய்ந்துபோய் உப்பும் இனிப்பும் தரையில் தெரிகிற அளவுக்கு நாக்கில் தெரியாது. எந்தப் பெரிய சமையல்காரர் பெயரை அட்டையில் அச்சடித்தாலும், தரையில் சமைத்து, குளிரவைத்து, மேலே சூடு பண்ணிக் கொடுக்கும் உணவு ஒரு எல்லைக்கு மேல் ருசிக்காது. அது உங்கள் தப்பு இல்லை, இயற்பியலின் தப்பு. ஆனால் இரண்டு பேரும் அதில்தான் மல்லுக்கட்டுகிறீர்கள், ஒருவர் மூன்று வகை என்றால் இன்னொருவர் நாலு வகை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு எனக்கு நாலு வகை வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீர், கேட்காமலே இன்னொரு பாட்டில், மடித்த காலை நீட்ட இடம். அதைக் கொடுத்துவிட்டு அந்தப் பணியாளர்களைக் கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள்.

பணியாளர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயம். பல நாடுகளில் 50 இருக்கைக்கு ஒருவர் என்பதுதான் கேபின் க்ரூவுக்கான விதி. அது பாதுகாப்புக்காக வந்த விதி, உபசரிப்புக்காக இல்லை. 160, 170 இருக்கை விமானத்தில் நாலு பேர் என்றால் முன்னால் எட்டுப் பேருக்கு ஒருவர் வருவார், அதே ஒருவர்தான் 12 இருக்கை வைத்தாலும். அவரே கதவையும் பார்க்க வேண்டும், அறிவிப்பும் செய்ய வேண்டும், விமானி வெளியே வந்தால் அந்தக் கதவையும் காக்க வேண்டும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் நோட்டைப் பார்த்தால் தெரியும். எட்டு இருக்கை விமானத்தில் தண்ணீர் கேட்டு இரண்டு நிமிடம், பன்னிரண்டு இருக்கை நிறைந்த நாளில் ஒன்பது நிமிடம், ஒரு தடவை வரவே இல்லை, நான் இறங்கிப்போய்க் குடித்தேன். இது உங்கள் பணியாளர் மேல் புகார் இல்லை. அரை மணிக்குள் பன்னிரண்டு துவாலை, பன்னிரண்டு தட்டு என்று போட்ட உங்கள் மேல்.

அப்புறம் லக்கேஜ். இதை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன், நினைத்தாலே கடுப்பாக இருக்கிறது. பெட்டியில் "முன்னுரிமை" என்று பளிச்சென்ற ஒரு அட்டையைக் கட்டுகிறீர்கள். என் நோட்டில் காலைக் கம்பெனியின் கடைசி ஒன்பது பயணத்தில் என் பெட்டி முதல் பத்துக்குள் வந்தது இரண்டே தடவை. ஒரு தடவை, சத்தியமாக, பெல்ட்டில் கடைசிப் பெட்டி என்னுடையது, அந்த அட்டை மட்டும் தனியாக அவிழ்ந்து அதற்கு முன்னாலேயே வந்து ஒரு சுற்று போய்விட்டது. முதலில் ஏறி, முதலில் இறங்கி, கடைசி ஆளாக வெளியே வருவதற்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு?

இனி அந்த வாலுக்கு வருகிறேன், மாறுதலுக்கு உட்பட்டது என்று சொன்னேனே, அதற்கு.

போன வருடம் ஒருநாள், விடிகாலை விமானம், காலைக் கம்பெனிதான். போர்டிங் பாஸில் 2சி. கேட்டில் வரிசையில் நின்று நீட்டினேன், இயந்திரம் பச்சைக்குப் பதில் சிவப்பு காட்டியது. அந்தப் பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சின்னதாக ஒரு துண்டுச் சீட்டு அச்சாகி வந்தது, அதில் 14இ. நடு இருக்கை. "விமானம் மாறிவிட்டது சார், இதில் பிசினஸ் இல்லை." முந்தின நாள் ராத்திரியே மாற்றியிருக்கிறார்கள், அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்தவர் சாதாரண டிக்கெட்காரர், அவருடைய செயலியில் ராத்திரி பதினொன்றுக்கே புது இருக்கை எண் வந்திருக்கிறது. அவருக்குச் சொன்னவர்கள் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் ரத்து செய்துவிட்டு வேறு விமானம் பிடிப்பேன் என்ற பயமோ, அல்லது என் பதிவு வேறு ஏதோ பட்டியலில் மாட்டிக்கொண்டதோ, இரண்டில் எது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் முழங்காலை நடைபாதைப் பக்கம் நீட்டவும் வழியில்லாமல் போய் இறங்கினேன், அன்றைக்கு முழுக்க ஒரு இயந்திரத்துக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்று வேலை பார்த்தேன்.

கோபம் அதற்கு இல்லை. விமானம் கோளாறாகும், மாற்றித்தான் ஆக வேண்டும், நானே இயந்திரக்காரன், எனக்கு அது புரியும். கோபம் அதற்கு அப்புறம் நடந்ததற்கு. வித்தியாசக் காசைக் கேட்டு எழுதினேன். முதல் பதிலில் வருத்தம் தெரிவித்தார்கள். இரண்டாவது பதிலில் அடுத்த பயணத்துக்கு ஒரு கூப்பன், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மூன்றாவதில் "உங்கள் டிக்கெட் வகைக்கான சாதாரண வகுப்பு விலையோடு ஒப்பிடும்போது வித்தியாசம் இல்லை" என்று ஒரு வாக்கியம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அன்று காலை கடைசி நிமிடத்தில் சாதாரண டிக்கெட் என்ன விலைக்கு விற்றதோ அதை, நான் மூன்று வாரம் முன்னால் வாங்கிய பிசினஸ் விலையிலிருந்து கழித்திருக்கிறார்கள். கழித்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை, ஏன், நான்தான் திருப்பித் தர வேண்டும் போல இருந்தது. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவருக்கு நீங்கள் பதவி உயர்வு கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தத் தந்திரத்துக்குத்தான் சில நாடுகளில் சட்டம் நேராகச் சதவீதம் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் வருட 261ஆம் எண் ஒழுங்குவிதி, கீழ் வகுப்பில் உட்காரவைத்தால் டிக்கெட் விலையில் 1500 கிலோமீட்டர் வரைக்கும் 30 சதவீதம், ஒன்றியத்துக்குள்ளேயே அதைவிடத் தூரமான பயணத்துக்கு 50 சதவீதம், 7 நாளுக்குள் திருப்பிக் கொடு என்கிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2023 பிப்ரவரி 15 முதல் உள்நாட்டுப் பயணத்துக்கு வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதம் என்று வைத்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024இல் கொண்டுவந்த விதியில் கீழ் வகுப்புக்குத் தள்ளுவதும் பெரிய மாற்றங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதற்குச் சம்மதிக்காதவருக்கு முழுப் பணம், சம்மதித்துப் பறந்தவருக்கு வித்தியாசம். சதவீதம் என்று வந்துவிட்டால் "அன்றைய விலை, இன்றைய விலை" பேச்சுக்கு இடமில்லை. எல்லா நாட்டிலும் இப்படி விதி கிடையாது, இருக்கும் நாட்டிலும் கேட்காதவனுக்குக் கிடைப்பதில்லை. பயணிக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அந்த முதல் "வருத்தம் தெரிவிக்கிறோம்" மடலே எழுதப்படுகிறது, அதில் ஒரு தடவையாவது இந்த விதியின் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.

ராத்திரிக் கம்பெனியின் கதை ஒன்று சொல்ல வேண்டும். இதிலும் கோளாறுதான், ஆனால் வேறு மாதிரி. அன்றைக்கு என் இருக்கை 1டி. உள்ளே போய் மேலே பையை வைக்கக் கையைத் தூக்கியதும் ஒரு பணியாளர் வந்தார், நாற்பது வயது இருக்கும். "சார், பையை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம். இந்த இருக்கை சாயாது. நேற்றிலிருந்தே சாயவில்லை, இதை விற்றிருக்கக் கூடாது. 2ஏ காலியாக இருக்கிறது, அது ஜன்னல் பக்கம், உங்களுக்குச் சரியா?" என்றார். எனக்கு ஜன்னல் சரியில்லை, கால் நீட்ட முடியாது, அதைச் சொன்னேன். அவர் 2சியில் இருந்த இளைஞரிடம் போய் ஏதோ பேசினார், அந்தப் பையன் சிரித்துக்கொண்டே எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டான். கதவு மூடும் முன்னால் இன்னொரு தடவை வந்து, குனிந்து, மெதுவாக, "இதைப் பற்றி நான் பதிவில் எழுதிவிடுகிறேன், நீங்கள் புகார் எழுத வேண்டியதில்லை" என்றார். எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் உங்களிடமிருந்து எனக்கு மடல் வந்தது, நான் கேட்காமல்.

அன்றைக்கு என்ன உணவு கொடுத்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. துவாலை சூடாக இருந்ததா என்றும் ஞாபகம் இல்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "உட்காருவதற்கு முன்னால் சொன்னார்." அதற்குப் பிறகு காலை வேலையையே முடிந்தால் மத்தியானத்துக்குத் தள்ளி, போகும்போதும் ராத்திரிக் கம்பெனியிலேயே போக ஆரம்பித்தேன். காலைக் கம்பெனி எங்கே தோற்றது என்று உங்கள் கணக்குப் பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்தால், இருக்கை அகலத்திலோ உணவு அட்டையிலோ தேட வேண்டாம்.

போட்டியால் எங்களுக்கு எதுவும் கிடைத்ததில்லை என்று நான் சொல்லமாட்டேன். கிடைத்திருக்கிறது, நிறையவே. ஆஸ்திரேலியாவில் 2001இல் ஆன்செட் என்ற விமான நிறுவனம் விழுந்தபிறகு பல வருடம் பிசினஸ் கிளாஸ் என்றாலே குவாண்டாஸ்தான் என்று இருந்தது. குவாண்டாஸிலிருந்தே வெளியே வந்த ஜான் போர்கெட்டி 2011இல் மலிவுவிலை வர்ஜின் புளூவை வர்ஜின் ஆஸ்திரேலியா என்று பெயர் மாற்றி, பிசினஸ் கிளாஸ் போட்டு, பழைய முதலாளியின் வாடிக்கையாளரை இழுக்க ஆரம்பித்தார். பதிலுக்கு உள்நாட்டுச் சந்தையில் தன் 65 சதவீதத்தை விடமாட்டேன் என்று குவாண்டாஸ் நின்றது. இரண்டு பேரும் விமானத்துக்கு மேல் விமானமாக இறக்கி 2013-14இல் இரண்டு பேருமே நஷ்டத்தில் மூழ்கினார்கள், பயணிகளுக்கு அது பொற்காலம். பெர்த் தடத்தில் இரண்டு பேருமே படுக்கை இருக்கை கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் வர்ஜின் நொடித்து, பெயின் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்த் திரும்பி எழுந்தபோது அந்தப் பெரிய விமானங்கள் போய்விட்டன, கூடவே படுக்கையும்.

அமெரிக்காவில் 2014இல் ஜெட்புளூ ஏ321 விமானத்தில் மின்ட் என்று 16 படுக்கை இருக்கை போட்டு, அதில் நாலுக்குக் கதவும் வைத்து நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நடுவே விட்டதும், அதுவரை அந்தத் தடத்தில் பெரிய நிறுவனங்கள் கேட்டுக்கொண்டிருந்த விலை இறங்க ஆரம்பித்தது. இந்தியாவில் 2015 ஜனவரியில் விஸ்தாரா வந்து முன்னால் 16 பிசினஸ், அதற்குப் பின்னால் 36 பிரீமியம் எகானமி என்று நடுவகுப்பையும் சேர்த்துக் காட்டியது. 2024 நவம்பர் 12இல் அது ஏர் இந்தியாவோடு கலந்தது. இத்தனை வருடம் ஒரே வகுப்புதான் என்று பிடிவாதமாக இருந்த இண்டிகோ, அதே மாதம் டெல்லி மும்பை தடத்தில் 12 இருக்கையோடு ஸ்ட்ரெட்ச் என்ற பெயரில் பிசினஸ் வகுப்பைக் கொண்டுவந்தது. ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார், அதுவரைக்கும் நல்லதுதான்.

ஆனால் இந்தப் போட்டிகளெல்லாம் இருக்கையில் நடந்தவை. இருக்கையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் உலகத்திலேயே கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான், நீங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில்தான் வரிசையில் நிற்கிறீர்கள். நீங்கள் ஒன்றைப் போட்டால் எதிராளி ஒன்றிரண்டு வருடத்தில் அதையே போடுவார். அந்த 1டி பக்கத்தில் வந்து நின்றவரை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? பழுதான இருக்கையை விற்காதே என்று பதிவு அமைப்பில் ஒரு பூட்டுப் போட ஆகும் செலவு ஒரு துவாலை வகையை மாற்றும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும், நானும் மென்பொருள் ஓடும் இயந்திரங்களோடு வேலை பார்ப்பவன்தான். வகுப்பு மாறினால் வித்தியாசக் காசை இயந்திரமே கணக்குப் போட்டு, வாங்கிய அன்றைய விலையை வைத்து, தானாக அனுப்புவதும் அப்படித்தான். விமானம் மாறிய ராத்திரியே, முதலில் பிசினஸ்காரனுக்கு, "நாளை இந்த விமானத்தில் அந்த இருக்கை இல்லை, வருகிறீர்களா, வேறு விமானம் வேண்டுமா, பணம் வேண்டுமா" என்று மூன்று பொத்தானோடு ஒரு செய்தி வந்தால் போதும். டிக்கெட்டில் பிசினஸ் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கை எவ்வளவு சாயும், முன்னால் எத்தனை அங்குலம் இருக்கும் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள். அது மாறினால் அந்த வரியும் மாறட்டும், விலையும் மாறட்டும்.

பதில் எழுத வேண்டாம், வருத்தம் தெரிவிக்கும் மடல்கள் என்னிடம் போதுமான அளவு இருக்கின்றன. அடுத்த மாதம் ஒரு நாள் வேறு வழியில்லாமல் மறுபடியும் காலைக் கம்பெனியில்தான் போக வேண்டியிருக்கிறது, அந்த நேரத்துக்கு வேறு விமானம் இல்லை. இருக்கை 2சி. நோட்டும் கையில் இருக்கும். அந்த இருக்கை சாயாவிட்டால், நான் பையை மேலே வைப்பதற்கு முன்னால் யாராவது வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வலது முழங்காலை நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டு வரும் பயணி